மேலிருந்து ஓட்டினால்தான் மாறும்

போச்சம்பள்ளி,
8.6.2025, ஞாயிறு

அன்புள்ள மேகலாவுக்கு,

எஸ்லின் எழுதுகிறேன். கவரின் பின்பக்கம் வேண்டுமென்றேதான் பெயர் போடவில்லை. போட்டிருந்தால் பிரிக்காமலே அடுப்பில் சொருகியிருப்பாய். உனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் மூன்று மாதமாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பிளாக் செய்துவிட்டாய் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கும் அறிவு இருக்கிறது. அதனால்தான் தபால். கவர் கேட்டதும் போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். லவ் லெட்டர் என்று நினைத்திருப்பார் போல.

ஹாஸ்டலில் உன் கட்டிலுக்கு சுமலதா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். உன் நீலச் சுடிதாரும் டிப்ளமோ நோட்டும் என் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அனுப்பவா, வைத்திருக்கவா என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். நம்பவும் வேண்டாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு புரோகிராமிங் அடிப்படை சொல்லிக்கொடுக்க ஒரு டிரெய்னர் வேண்டுமாம். டிரெய்னிங் பார்க்கும் கிருபாராணி மேடம் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். ஜூலை நாலாம் தேதி எல்லோர் முன்னாலும் நான் ஒரு டெமோ கிளாஸ் எடுக்க வேண்டும். தலைப்பு வேரியபிள். ஆகஸ்டோடு என் ஒப்பந்தம் முடிகிறது. டிரெய்னர் ஆகிவிட்டால் வேலை நிரந்தரம். ஆகாவிட்டால் எலத்தகிரிக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எல்லோரும் சொல்கிற மாதிரி வேரியபிள் என்றால் ஒரு டப்பா, அதற்குள் ஒரு எண்ணைப் போட்டு வைக்கலாம் என்று சுமலதாவிடம் சொல்லிப் பார்த்தேன். "டப்பாவுல அஞ்சு போட்டன். அப்புறம் ஏழு போட்டன். இப்ப டப்பாவுல என்னா இருக்குது?" என்று கேட்டேன். "பன்னெண்டு" என்றாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. டப்பா என்றால் பன்னிரண்டுதானே இருக்கும்?

நம் லைனில் இதெல்லாம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

எஸ்லின்


உத்தனப்பள்ளி,
15.6.2025

எஸ்லின்,

அடுப்பில் போடவில்லை. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

போனில் கூப்பிட்டிருக்கலாமே என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கத்தத் தோன்றும், கத்தினால் அழுகை வரும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் நானும் எழுதுகிறேன்.

மார்ச் பதினாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பெரிய திறமைதான். நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். அன்று காலை ஷிஃப்ட் நீ, இரண்டு மணிக்கு மேல் நான். ஒரே மெஷின். என் ஷிஃப்டில் நூற்று எண்பத்தாறு ஷாஃப்ட் தண்டு தேவையான அளவைவிடச் சன்னமாக வெட்டப்பட்டு ஸ்கிராப்புக்குப் போயின. மெஷினில், வெட்டும் முனை தேய்ந்தால் ஈடுகட்டப் போடும் 'தேய்மானம்' என்கிற இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 0.05 இருந்தது. நான் போடவில்லை. ஹாஸ்டல் படிக்கட்டில் நிறுத்தி உன்னைக் கேட்டேன், "நீ ஏதாச்சும் தொட்டியாடி?" என்று. "இல்லடி" என்றாய். ஷிஃப்ட் இன்சார்ஜ் ராமப்பன் சார் கேட்டபோதும் "இல்ல சார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். நீயும் தொடவில்லை, நானும் தொடவில்லை. அப்படியென்றால் மாரியாத்தா வந்து போட்டுவிட்டுப் போனாளா?

என்னை நிறுத்தியபோது கொடுத்த லெட்டரில் 'பணியில் கவனக்குறைவு' என்று இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் இரண்டு கம்பெனிக்குப் போனேன். இரண்டிலும் டெஸ்ட் பாஸ். லெட்டரைப் பார்த்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இப்போது இங்கே பாலிஹவுஸில் ரோஜா தரம் பிரிக்கிறேன். மேஸ்திரி தெலுங்கில் எண்ணுகிறார், நான் தமிழில் எண்ணுகிறேன், கட்டுக்கு இருபது சரியாக வந்துவிடுகிறது. அப்பா ஊருக்குள் "பொண்ணே வேலைய உட்டுட்டு வந்துட்சி" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் உன்மேல்தான் எரிச்சல் வருகிறது.

இருந்தாலும் டப்பா என்று சொல்லிக்கொடுப்பதை என்னால் பொறுக்க முடியாது. அதற்காக எழுதுகிறேன், உனக்காக இல்லை.

கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு இருக்கிறதே, 'விபத்தில்லாத நாட்கள்' என்று பெயின்டில் எழுதி, கீழே சாக்பீஸில் ஒரு எண். செக்யூரிட்டி தினமும் காலையில் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார். பெயின்டில் இருப்பது பெயர், அது மாறாது. சாக்பீஸில் இருப்பது மதிப்பு, அது மாறும். அவ்வளவுதான் வேரியபிள். 143 இருக்கும் இடத்தில் 144 எழுத வேண்டுமானால் 143 போயே ஆக வேண்டும். இதைச் சொன்னால் சுமலதா பன்னிரண்டு என்று சொல்ல மாட்டாள்.

அடுத்ததுதான் முக்கியம், புதுப் பிள்ளைகள் எல்லோரும் இங்கேதான் விழுவார்கள். நீ போர்டைப் பார்த்து உன் நோட்டில் 143 என்று எழுதிக்கொண்டாய் என்று வை. மறுநாள் போர்டில் 144 ஆகிவிட்டது. உன் நோட்டு தானாக மாறுமா? மாறாது. மறுபடி போய்ப் பார்த்து எழுதினால்தான் மாறும். ஒரு வேரியபிளை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போட்டால், கணக்குப் போட்ட நேரத்தில் இருந்த எண்தான் அதில் ஏறும். பிறகு முதலாவதை மாற்றினாலும் இரண்டாவது அப்படியே நிற்கும், அந்தக் கணக்கு வரி திரும்ப ஓடும் வரைக்கும். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டு. வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சுடிதாரைச் சுமலதாவுக்குக் கொடு. நோட்டை வைத்துக்கொள்.

மேகலா


போச்சம்பள்ளி,
22.6.2025, ஞாயிறு

மேகலா,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இன்று பூசைக்குப் போய்விட்டு வந்து ஐந்தாவது முறையாக எழுதுகிறேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

நீ சொன்னபடி வியாழக்கிழமை டிரெய்னிங் ரூம் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். நம் மெஷின் புரோகிராமையே சின்னதாக்கி, மூன்று வரி, எல்லாம் மில்லிமீட்டரில்.

அளவு = 25
தேய்மானம் = 0
வெட்டு = அளவு - தேய்மானம்

வெட்டு 25 என்று காட்டியது. பிறகு தேய்மானத்தை மட்டும் 0.05 ஆக்கினேன். வெட்டு 24.95 ஆகும் என்று நினைத்தேன். 25 என்றே நின்றது. மூன்றாவது வரியைத் திரும்ப ஓட்டினேன். 24.95.

எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டுவிட்டது மேகலா.

மார்ச் பதினாலு பகல் ஒன்று இருபதுக்கு, கட்டிங் டிப் மழுங்கி ஷாஃப்ட் கொஞ்சம் தடிமனாக வர ஆரம்பித்தது. தேய்மானத்தில் 0.05 போட்டேன். அடுத்த பீஸை அளந்தேன், ஒரு மாற்றமும் இல்லை. இன்னொன்று, அதுவும் அப்படியே. பேனலில் நான் போட்டது ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டு டிப்பை மழுங்காத முனைக்குத் திருப்பிப் போட்டேன். அளவு சரியாகிவிட்டது. 0.05-ஐ மறந்தே போனேன். கணக்கு வரி மேலே இருக்கிறது, வெட்டும் வரிகள் கீழே திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. நான் போட்ட எண்ணை என் ஷிஃப்ட் முடியும் வரை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை. நீ இரண்டு மணிக்கு வந்து வழக்கம்போல மேலிருந்து ஓட்டினாய். அப்போதுதான் அது ஏறியது.

நீ கேட்டபோது "இல்லடி" என்றேன். நான் போட்டதால் ஒன்றும் ஆகவில்லை என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன். ஆனால் "போட்டன், வேலை செய்யல" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பயம். சொன்னால் என் தலையில் கட்டிவிடுவார்கள் என்று பயம். ராமப்பன் சார் பேப்பரை நீட்டி, "ஆயித்து, ஆயித்து" என்று கன்னடத்தில் பேச்சை முடித்துவிட்டு, "நீ தொடலன்னா தொடலன்னு எழுதி கையெழுத்து போடு" என்றார். போட்டேன். அன்றிலிருந்து உன் கட்டில் பக்கம் திரும்பிப் படுப்பதையே விட்டுவிட்டேன்.

உன் வேலையைக் கெடுத்தது நான்தான். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. ஆனால் தெரிந்த பிறகு உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எஸ்லின்


உத்தனப்பள்ளி,
27.6.2025

எஸ்லின்,

உன் கடிதத்தை பாலிஹவுஸிலேயே நின்று படித்தேன். மேஸ்திரி "ஏமாயிந்தம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு கட்டுக்குப் பதினெட்டும் இருபத்திரண்டுமாக வைத்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்று மாதம். நான் பொய் சொல்கிறேன் என்று லைனில் அத்தனை பேரும் நினைத்த மூன்று மாதம். ஒரு கட்டத்தில், நானே தூக்கத்தில் போட்டுவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது தெரியுமா? அந்த அளவுக்கு என்னை ஆக்கிவிட்டுவிட்டு, உனக்கு இப்போது கை கால் சில்லிட்டதாம். எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தை எழுதினால் தபால்காரர் கூடுதல் ஸ்டாம்ப் கேட்பார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? என்னை நிறுத்தியது நானா? சொல்ல வேண்டிய இடம் அங்கே, உன் கண் முன்னால் இருக்கிறது. எனக்குச் சொல்லிவிட்டு உன் மனசைக் கழுவிக்கொண்டு, நாலாம் தேதி டெமோ கொடுத்து டிரெய்னர் ஆகிவிடலாம் என்று பார்க்கிறாயா?

சொன்னால் உன் வேலை போகும், தெரியும். என் வேலை போனபோது நீ என்ன செய்தாய் என்று யோசித்துப் பார். பிறகு உன் இஷ்டம்.

ஷீட்டு, ரெஜிஸ்டர் என்று வேறு எதையும் கிளற வேண்டாம். அந்த 0.05-ஐ யார் போட்டது என்பதை மட்டும் சொல். அது போதும்.

மேகலா


போச்சம்பள்ளி,
6.7.2025, ஞாயிறு

மேகலா,

சொல்லிவிட்டேன்.

ஆபீசில் போய்ச் சொல்லலாம் என்று புதன்கிழமை ராமப்பன் சார் கேபின் வாசல் வரை போனேன். கதவுக்கு வெளியே நின்றபடி என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'தேய்மானத்தை மாற்றினேன் சார், ஆனால் அப்போது மாறவில்லை சார், மேகலா வந்த பிறகு மாறியது சார்.' கேட்பவருக்கு இது என்னவென்று புரியும்? கதை விடுகிறாள் என்பார். வேரியபிள் என்றால் என்னவென்று முதலில் புரிந்தால்தான் நான் செய்த தப்பு புரியும். அதனால் டெமோவிலேயே சொல்வது என்று முடிவு செய்தேன்.

முன்வரிசையில் பதினோரு புதுப் பெண்கள், பின்னால் கிருபாராணி மேடம், ராமப்பன் சார், பிளான்ட் மேனேஜர். உன் போர்டைத்தான் முதலில் சொன்னேன். சுமலதா உட்பட எல்லோருக்கும் பளிச்சென்று புரிந்தது. அப்புறம் அந்த மூன்று வரியைத் திரையில் போட்டேன். "தேய்மானத்த மட்டும் 0.05 ஆக்கறன். வெட்டு எவ்வளவு?" என்று கேட்டேன். பதினோரு பேரும் 24.95 என்றார்கள். பின்னால் ராமப்பன் சாரும் மெதுவாக அதையே சொன்னார். ஓட்டிக் காட்டினேன். 25. எல்லோரும் சிரித்தார்கள். "இப்ப மேலருந்து ஓட்டறன் பாருங்க" என்றேன். 24.95.

அதற்கப்புறம் போர்டில் தேதியை எழுதினேன். மார்ச் 14, பகல் 1.20. "இந்த எண்ண அன்னிக்கு மெஷின்ல போட்டது நான். ரெண்டு மணிக்கு மேகலா மேலருந்து ஓட்டினா. அவ எதையும் தொடல. தொடலன்னு நான் எழுதிக் குடுத்தது பொய்" என்றேன்.

ராமப்பன் சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்மா, நீ கிளாஸ் எடுக்க வந்தியா, பாவமன்னிப்பு கேக்க வந்தியா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புதுப் பெண்கள் முன்னால் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதும் உண்மை.

டிரெய்னர் வேலை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதை நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று நடந்துவிட்டது, அதை உன்னிடம் கேட்கத்தான் உடனே எழுதுகிறேன்.

பிளான்ட் மேனேஜர் அன்றைய ஃபைலை எடுத்துவரச் சொன்னார். ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் பீஸை அளந்து ஷீட்டில் எழுத வேண்டும் என்பது உனக்குத் தெரியாததல்ல. உன் கட்டத்தில் 25.01 என்று இருக்கிறது. "நீ சொல்றபடி பார்த்தா முதல் பீஸே 24.95 வந்திருக்கணுமே? இது சரியா இருக்குதே? அப்ப முதல் பீசுக்கு அப்புறம்தான யாரோ மாத்தியிருக்கணும்?" என்றார். சிநேகிதிக்காக நான் பழியை ஏற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் உண்மையைச் சொல்லியும் அது உனக்கு உதவாமல் போய்விடும் போலிருக்கிறது.

இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். எப்படிப் பார்த்தாலும் 24.95தான் வருகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்? நீ சொல்லிக்கொடுத்ததை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையா? பதினாலாம் தேதி திங்கட்கிழமை பத்து மணிக்கு மறுபடி விசாரணை. அதற்குள் உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

எஸ்லின்


உத்தனப்பள்ளி,
11.7.2025

அன்புள்ள எஸ்லின்,

நீ சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாய். உன் கணக்கில் தப்பில்லை. முதல் பீஸ் 24.95தான் வந்திருக்கும்.

நான் அதை அளக்கவில்லை.

மைக்ரோமீட்டர், தரம் பார்க்கும் க்யூ.சி. மேசையில் இருந்தது. போய் எடுத்து வந்து அளக்க ஐந்து நிமிடம் ஆகும். ஷீட்டில் என் கட்டத்துக்கு மேலே, ஒன்று ஐம்பதுக்கு நீ அளந்து எழுதிய 25.01 இருந்தது. அதைப் பார்த்து என் கட்டத்தில் அப்படியே எழுதிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். அன்று ஒருநாள் மட்டும் இல்லை. உனக்கு அடுத்து ஷிஃப்ட் வரும்போதெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஐந்தரைக்கு க்யூ.சி. வந்து பார்க்கும் வரை நூற்று எண்பத்தாறு போயிருந்தது. அளந்திருந்தால் ஒன்றோடு நின்றிருக்கும். அந்த ஒன்று உன்னுடைய தப்பு. மீதி நூற்று எண்பத்தைந்து என்னுடையது.

போர்டைப் பார்த்து எழுதிய நோட்டு தானாக மாறாது என்று உனக்குப் பாடம் எடுத்தேன். எழுதும்போது எனக்கு உறைக்காமல் இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

இது எனக்கு மார்ச்சிலேயே தெரியும். அதனால்தான் உன்மேல் அவ்வளவு கோபம் வைத்திருந்தேன். அதைக் கொஞ்சம் குறைத்தால்கூட இதைப் பார்க்க வேண்டியிருக்கும். ஷீட்டைக் கிளறாதே என்று போன கடிதத்தில் எழுதினேனே, அதற்கும் காரணம் இதுதான். அதை எழுதியபோது எனக்கு வெட்கமாக இல்லை. பதினோரு பேர் முன்னால் நீ நின்றதைப் படித்த பிறகு வெட்கமாக இருக்கிறது.

நான் சும்மா இருந்தால் உன்னைப் பொய்க்காரி என்று முடித்துவிடுவார்கள். என் லெட்டரும் அப்படியே இருக்கும். நான் சொன்னால், அளக்காமல் அளந்ததாக எழுதினாள் என்று போடுவார்கள். அந்த லெட்டரை வைத்துக்கொண்டு சிப்காட்டில் எந்தக் கேட்டுக்குள்ளும் நான் நுழைய முடியாது. இரண்டையும் வைத்துப் பார்த்தேன். அப்பாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "போயி சொல்லிட்டு வா. நானும் ஊர்ல பொய் சொல்றத நிறுத்திக்கறன்" என்றார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ராயக்கோட்டை வந்து, கிருஷ்ணகிரியில் மாறி, ஒன்பதரைக்குள் கேட்டுக்கு வந்துவிடுவேன். நீ முன்கூட்டியே எதையும் சொல்லி வைக்காதே. இது நான் சொல்ல வேண்டியது.

ராமப்பன் சார், "நாலு வருஷமா வேல தெரிஞ்ச பொண்ணு, ஏம்மா அளக்கல?" என்று கட்டாயம் கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்றுதான் நேற்றெல்லாம் யோசித்தேன். வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. உள்ளதைத்தான் சொல்லப்போகிறேன்: "வேற யாரு ஷிஃப்ட் முடிச்சிட்டுப் போயிருந்தாலும் அளந்திருப்பன் சார். எஸ்லின் எழுதினது, அதனால அளக்கல."

மேகலா